ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை?

“சங்கத்துக்குப் போயிட்டு வந்தேன்” என்று போனில் சொன்னபோது அத்தை கேட்ட முதல் கேள்வி, “கூலி எவ்வளவு குடுக்கறாங்க?”

நான் சொன்னது, ஓஹாயோவில் என் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் கைநெசவுக்காரர்களின் கில்ட். கில்ட் என்பதைத் தமிழில் வேறெப்படிச் சொல்வது? தொழிற்குழு, வணிகக் குழு என்றெல்லாம் கல்வெட்டு ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அத்தையிடம் அப்படிப் பேச முடியாது. சங்கம் என்றுதான் வாயில் வந்தது. ஆனால் குறிஞ்சிப்பாடியில் நெசவு வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்குச் சங்கம் என்றால் கூட்டுறவுச் சங்கம். நூல் வாங்கி வருகிற இடம். நெய்ததைக் கொண்டுபோய்ப் போட்டு, பிழை பிடித்தது போக மீதிக் கூலியை எண்ணி வாங்குகிற இடம். “கூலி கிடையாது அத்தை, இவங்கதான் வருஷா வருஷம் சந்தா கட்டறாங்க” என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “பின்ன எதுக்கு நெய்யறாங்க?”

அந்தக் கேள்வியோடுதான் மூன்று வருடங்களாக அந்தக் கூட்டங்களில் போய் உட்கார்கிறேன். நான் நெய்வதில்லை. பகலில் மென்பொருள் எழுதுகிறேன். பொது நூலகத்தில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கட்டம் போட்ட துணிகளைப் பற்றிய ஓர் உரையைக் கேட்கப் போனேன்; அப்புறம் விடவில்லை. விருந்தினர் உரை என்கிற வடிவத்தின் மேல் ஓர் ஈர்ப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்துவிட்டன. கவிதைத் தொகுப்புக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு கலைஞர் தன் வேலையைப் பற்றி நாற்பது பேர் முன்னால் முக்கால் மணி நேரம் பேசுவதும் ஒரு வடிவம்தான். அதற்கும் நல்லது கெட்டது உண்டு.

கூட்டம் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் முதல் மே வரை, மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ஒரு தேவாலயத்தின் அடித்தள அறை, மடக்கு நாற்காலிகள். ஒரு மூலையில் காபியும் வாழைப்பழ ரொட்டியும். இன்னொரு மூலையில் நூலகம் என்ற பெயரில் சக்கரம் வைத்த அலமாரி ஒன்று. வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய பெண்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்கள், நர்ஸ்கள், ஒரு வேதியியல்காரர். செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை, பிறகு விருந்தினர் உரை. அது முடிந்ததும் அவரவர் நெய்ததை எடுத்துவந்து காட்டிப் பேசுகிற நேரம். விருந்தினர் வெளியூர்க்காரர் என்றால் உறுப்பினர் ஒருவர் வீட்டில் தங்குவார். அடுத்த இரண்டு நாள் பட்டறை. ஒவ்வொருவரும் பாவு ஏற்றிய சின்னத் தறியோடு வருவார்கள்; தறி இடத்திலேயே இருக்கும், ஆட்கள் தறிக்குத் தறி மாறி உட்கார்ந்து எல்லா மாதிரியிலும் ஒரு சாண் நெய்துவிட்டுப் போவார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1923 வாக்கில் வட கரோலினா மலைப்பகுதியில் லூசி மார்கன் என்ற ஆசிரியை, அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கட்டும் என்று நெசவை மறுபடி தொடங்கிவைத்தார். பென்லாந்து என்ற ஊர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் சிகாகோவிலிருந்து எட்வர்ட் வர்ஸ்ட் என்ற நெசவு ஆசிரியரை அங்கே பாடம் எடுக்க அழைத்தார்கள். செய்தி தெரிந்து வெளியூர்க்காரர்கள் நாங்களும் வந்து உட்காரலாமா என்று கேட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பென்லாந்து கைவினைப் பள்ளி அப்படித்தான் வளர்ந்தது. கூலிக்காகத் தொடங்கிய இடத்துக்கு ஒரு விருந்தினர் வருகிறார். அவரைப் பார்க்க, கூலி தேவைப்படாதவர்கள் வருகிறார்கள். கொஞ்ச காலத்தில் இடமே அவர்களுடையதாகிறது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் மேரி மெய்க்ஸ் ஆட்வாட்டர் என்ற பெண்மணி மொன்டானாவிலிருந்து தபால் வழியாகவே நெசவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1928-ல் வந்த அவருடைய புத்தகத்தின் கிழிந்த பிரதி ஒன்று எங்கள் சக்கர அலமாரியிலும் இருக்கிறது. அமெரிக்காவில் கைநெசவு வயிற்றுப்பாட்டிலிருந்து விடுபட்டதற்கும், அதைப் பற்றிப் பேசக் கேட்க ஆட்கள் கூடியதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வயிற்றுக்கு நெய்கிறவனுக்குச் சனிக்கிழமை காலை ஏது?

சரி, உரைகளுக்கு வருகிறேன். இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பேசியவர்களின் பெயர் வேண்டாம்.

முதலாமவர் காட்சிக்கூடங்களுக்காகப் பெரிய பெரிய தொங்கு துணிகளை உருவாக்குபவர். அறுபது படங்களாவது காட்டியிருப்பார். துணி ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. நினைவு, உடல், நிலம், இழப்பு — இந்த நான்கு சொற்களும் மாறி மாறி வந்தன. அழகாகத்தான் பேசினார். ஆனால் நான் மனதுக்குள் ஒரு சின்னச் சோதனை செய்துபார்த்தேன். பத்தாவது படத்துக்குச் சொன்னதை நாற்பதாவது படத்துக்குப் பொருத்தினேன், பொருந்தியது. நாற்பதாவதுக்குச் சொன்னதைப் பத்தாவதுக்கு, அதுவும் பொருந்தியது. எந்தப் படத்தின் கீழும் நிற்கக்கூடிய வாக்கியம், எந்தத் துணியையும் பார்த்து எழுதியதல்ல. நம் ஊர்க் கவிதை நூல் முன்னுரைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த நோய் புதிதில்லை.

கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பாட்டி கையைத் தூக்கினார். “அந்த நீலத் துணியில ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை?”

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒருவர் இழப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இழையை எண்ணுகிறாரே என்று. விருந்தினரும் லேசாகச் சிரித்து, “என் உதவியாளரைத்தான் கேட்கணும்” என்றார். அறையில் ஏதோ ஒன்று அணைந்துபோனதை உணர முடிந்தது. கைதட்டலெல்லாம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எவரும் கேள்வி கேட்கவில்லை.

சாப்பாட்டின்போது பாட்டியிடம் போய், ஏன் அதைக் கேட்டீர்கள் என்றேன். அவர் ஒரு காகிதக் கைத்துண்டை எடுத்து மேசையின் விளிம்பில் தொங்கவிட்டார். பாவில் இழைகள் நெருக்கமாக இருந்தால் துணி விறைப்பாக நிற்கும். விலகியிருந்தால் குழையும், அதன் பாரத்தை அதுவே தாங்காமல் இறங்கும். அவ்வளவு பெரிய துணியை மேலிருந்து தொங்கவிட வேண்டுமென்றால் முதல் முடிவு அந்த எண்தான்; வண்ணமும் கருத்தும் அதற்கு அப்புறம். படத்தில் அந்த நீலத் துணியின் இடது ஓரம் தொய்ந்திருந்தது. விருந்தினர் அதை நிலத்தின் ஈர்ப்பு என்று சொன்னார். “ஈர்ப்புதான், சந்தேகமில்லை. நான் தெரிஞ்சுக்க நினைச்சது, அவங்க வேணும்னே விட்டதா, தானா வந்ததான்னு.”

இதைவிடக் கூர்மையான விமர்சனக் கேள்வியை இலக்கியக் கூட்டங்களில் நான் கேட்டதில்லை. நாவலின் நடுவில் ஏற்படும் தொய்வை வாழ்க்கையின் தொய்வு என்று எழுத்தாளர் விளக்கும்போது எழுந்து, வேணும்னே விட்டதா தானா வந்ததா என்று கேட்க நம்மிடம் ஒரு எண் இல்லை. அவர்களிடம் இருக்கிறது. கில்ட் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் மூன்று கேள்விகள் — அங்குலத்துக்கு எத்தனை இழை, என்ன நூல், துவைத்துவிட்டீர்களா — வெளியிலிருந்து பார்த்தால் சமையல் குறிப்பு கேட்பதுபோல இருக்கும். உள்ளே அது ரசனையின் மொழி. துணியைக் கையில் கொடுத்தால் இவர்கள் முதலில் செய்வது அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது. தெருவில் போகிறவரின் சட்டையையே தொட்டுப் பார்த்துவிடுவோம் என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள்.

இரண்டாவது உரைக்கு வந்தவர் ஒரு பழைய பயணப் பெட்டியோடு வந்தார். உள்ளே முழுக்க சமையலறைத் துண்டுகள், அதிலும் பாதி கெட்டுப்போனவை. ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றுக்கு விட்டார். ஒரே பாவில் நெய்த இரண்டு துண்டுகள்: ஒன்று தறியிலிருந்து வெட்டி எடுத்தபடி, மற்றது வெந்நீரில் துவைத்து எடுத்தது. முதலாவது கொசுவலை மாதிரி, இழைகள் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன. இரண்டாவதில் நூல் உப்பி, பக்கத்து நூலோடு ஒட்டி, துணியாகியிருந்தது. தறியில் இருப்பது இன்னும் துணி இல்லை, தண்ணீர் பட்ட பிறகுதான் துணி என்பதை அவர் சொல்லவேயில்லை. எங்கள் விரல்கள் சொல்லிவிட்டன. இன்னொரு துண்டில் நான்கு கஜம் நெய்த பிறகுதான் ஓர் இழை தவறான விழுதில் கோத்திருப்பது தெரிந்ததாம். வெட்டி எறிவதா, அப்படியே போவதா என்று இரவெல்லாம் யோசித்ததைச் சொன்னபோது அறையே சிரித்தது. எல்லோரும் அந்த இரவைக் கடந்தவர்கள். (நள்ளிரவில் புரொடக்‌ஷன் சர்வரில் பிழையைக் கண்டுபிடித்தவர்களும் கடந்திருப்பார்கள்.) நினைவு, இழப்பு என்ற சொற்கள் ஒருமுறைகூட வரவில்லை. இரண்டுமே அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

ஆகவே கைத்திறன் பேசுபவர் நல்லவர், கருத்து பேசுபவர் போலி என்று முடித்துவிடலாமா? நான் அப்படித்தான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தையின் கேள்வி குறுக்கே வந்தது. சாப்பாட்டு வரிசையில் அந்தத் துண்டுக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், இதில் வாழ முடிகிறதா என்று. துண்டு விற்ற காசு நூல் வாங்கச் சரியாகப் போய்விடும் என்றார். வீட்டு வாடகை வருவது உரைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும். அதாவது, அந்த அறையில் நெசவை நம்பி வாழ்கிற ஒரே ஆள், துணியை விற்று வாழவில்லை. எப்படி நெய்வது என்று சொல்லி வாழ்கிறார். இது அந்த முக்கால் மணி நேர உரையில் ஓரிடத்திலும் இல்லை. இருந்திருந்தால் பெட்டியிலிருந்த அத்தனை துண்டுகளும் வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

எப்படி என்ற கேள்வியில் இவர்கள் காட்டும் கறாரும் தாராளமும் எவ்வளவு என்ற கேள்வியில் அப்படியே நின்றுவிடுகின்றன. அநாகரிகம் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

விதிவிலக்கு என்று எனக்குத் தெரிந்தவரை பீட்டர் காலிங்வுட். 1922-ல் பிறந்த ஆங்கிலேயர்; மருத்துவம் படித்துவிட்டு அதை விட்டு நெசவுக்கு வந்தவர். 1968-ல் வந்த அவருடைய ‘தி டெக்னிக்ஸ் ஆஃப் ரக் வீவிங்’ இன்றும் தரைவிரிப்பு நெய்பவர்களுக்கு வேதம். அமெரிக்கக் கில்ட்கள் பலவற்றுக்கு வந்து பட்டறை நடத்தியிருக்கிறார். அவர் விரிப்பு நெய்து விற்று வாழ்ந்தவர் என்பதுதான் எனக்கு முக்கியம். மணிக்கணக்கில் கையால் கோத்து வரவேண்டிய உருவங்களை, தறியிலேயே சிறு மாற்றம் செய்து, நெய்யும்போதே இழைகளை ஒரு விழுதுக்கட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, வேகமாக வரவைக்கும் வழிகளைக் கண்டுபிடித்தார். வடிவத்தின் மேல் இருந்த ஆசைதான் காரணம் என்று கலை வரலாறு எழுதும். இருக்கட்டும். நேரம் காசு என்று தெரிந்தவனின் மூளையும் அதில் வேலை செய்திருக்கிறது. 1969-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மண்கலக் கலைஞர் ஹான்ஸ் கோப்பரோடு சேர்ந்து அவருடைய நெசவும் காட்சிக்கு வைக்கப்பட்டது. அருங்காட்சியகத்தின் சுவரும் விற்பனை ரசீதும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருந்தன.

விருந்தினர் உரைகளில் எனக்கு ஆகவே ஆகாத ஒரு பகுதி இருக்கிறது. நான் மென்பொருள் எழுதுபவன் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பி ஒரு புன்னகையோடு வருவது: தறிதான் உலகின் முதல் கணினி. 1804, ஜக்கார்டு, துளையிட்ட அட்டை, பாபேஜ். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1839-ல் லியோனில் பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படத்துக்கு இருபத்துநாலாயிரம் அட்டைகள் தேவைப்பட்டன. அதில் ஒரு பிரதியை பாபேஜ் வைத்திருந்து விருந்தினருக்குக் காட்டுவார். ஆனால் ஜக்கார்டு அட்டை ‘இப்படியானால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்று முடிவெடுப்பதில்லை. வரிசையாகச் சொன்னதைச் செய்கிறது. எங்கள் பாஷையில் அது தரவு, நிரல் இல்லை. உண்மையிலேயே சுவாரசியமானது நான்கு விழுதுக்கட்டுகள் கொண்ட சாதாரணத் தறி. ஒவ்வொரு கட்டும் மேலே அல்லது கீழே. மொத்தம் பதினாறு நிலை. எல்லாம் மேலே, எல்லாம் கீழே என்ற இரண்டையும் தள்ளினால் பதினான்கு. எட்டுக் கட்டு என்றால் 254. எந்த இழை எந்தக் கட்டில், எந்த மிதிக்கு எந்தக் கட்டு, எந்த வரிசையில் மிதிப்பது என்ற மூன்று சிறு கட்டங்களை எழுதிவைத்தால் துணியின் முழு வரைபடமும் தானாக வந்துவிடும். 1990-களில் இதற்கென்று ஒரு கோப்பு வடிவத்தையே உருவாக்கினார்கள். விஃப் என்று பெயர். நோட்பேடில் திறந்து படிக்கலாம். எழுபது வயதுப் பெண்மணிகள் அதை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

என் எரிச்சலுக்குக் காரணம் தொழில்நுட்பப் பிழை மட்டும் இல்லை. ஜக்கார்டு வருவதற்கு முன் பட்டுத்தறியின் பக்கத்தில் நின்று நாளெல்லாம் கயிறுகளை இழுக்கும் ஆள் ஒருவர் இருந்தார், பெரும்பாலும் சிறுவர் அல்லது பெண். அவர் இந்தக் கதையில் இல்லை. 1831-ல் நெய்த துணிக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு அதே லியோனில் தெருவில் இறங்கிய நெசவாளர்கள் இல்லை. தறியைக் கணினிக்குப் பாட்டியாக்கினால் தறிக்கு மரியாதை கூடுகிறது என்று நினைக்கிறார்கள். நெய்தவர் காணாமல் போவதைப் பார்ப்பதில்லை.

ஓஹாயோவில் இருந்துகொண்டு இதை மறப்பது கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாநிலத்திலும் பென்சில்வேனியா, நியூயார்க், இந்தியானாவிலும் ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறிகளில் படுக்கை விரிப்பு நெய்து விற்ற தொழில்முறை நெசவாளர்கள் இருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆண்கள் பலர். அவர்கள் விரிப்பின் மூலையில் ஒரு சதுரம் விட்டு அதில் தங்கள் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை நெய்தார்கள். சிலதில் வாங்குபவரின் பெயரும் இருக்கும். விளம்பரம்தான். ஆனாலும் பெயர். அதே காலத்தில் வீட்டில் பெண்கள் நெய்த விரிப்புகளில் பெயர் கிடையாது. அவற்றின் மாதிரிகள் நீளமான ஒடுங்கிய காகிதத் துண்டுகளில் எழுதப்பட்டு வீட்டுக்கு வீடு கைமாறின. மாதிரிக்குப் பெயர் உண்டு, ஊருக்கொரு பெயராகக்கூட. நெய்தவளுக்கு இல்லை.

இன்றைய கில்ட்காரர்கள் கைத்துண்டில்கூடப் பெயர்ச் சீட்டு தைக்கிறார்கள். அந்தக் கணக்கு தீர்ந்ததுபோலத் தெரியும். போன ஆண்டு மார்ச் கூட்டம்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த மாதம் வந்தவர் ஆசிய நெசவூர்களுக்குப் பயணக் குழுக்களை அழைத்துச் செல்பவர். நல்ல படங்கள். சாயத் தொட்டி, தெருவில் நீட்டிய பாவு, காயும் நூல். பிறகு குழித்தறியில் இடுப்பளவு உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், கையில் நாடா, கேமராவை நேராகப் பார்க்கிறார். கீழே ‘ஒரு நெசவாளர், தென்னிந்தியா’. அதற்கு முந்தைய படத்தில் ஒரு ஸ்வீடன் தறியின் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் இருந்தன. நான் கேட்டேன், இவர் பெயர் என்ன? அவர் மழுப்பவில்லை. “கேட்டேன். எழுதி வைக்கல. என் தப்பு” என்றார்.

இங்கே கோபமாக ஒரு பத்தி எழுதலாம். எழுதியும் பார்த்தேன். அனி ஆல்பர்ஸ்வரை போனேன். 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாக ஒரு நெசவுக் கலைஞருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது அவருக்குத்தான். 1965-ல் வந்த ‘ஆன் வீவிங்’ நூலைப் பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, அவர்களைத் தன் ஆசான்கள் என்று சொல்லிக் காணிக்கையாக்கியவர் அவர். அந்த ஆசான்களில் ஒருவருக்கும் பெயர் தெரியாது. தெரிய வழியும் இல்லை. மூன்று மாதம் முன்பு எடுத்த படத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது என்றெல்லாம் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். எங்கள் வீட்டில் தாத்தா பெயரில்தான் சங்கத்தில் உறுப்பினர் அட்டை. பாவு பிணைத்ததும் தார் சுற்றியதும் பாட்டியும் அத்தையும். தாத்தாவுக்குக் காய்ச்சல் என்றால் தறியில் இறங்கியதும் அவர்கள்தான். பேரேட்டில் அவர்கள் இல்லை. பாட்டியின் முழுப் பெயரை நான் அறிந்தது அவருடைய இறப்புச் சான்றிதழில். யாரிடம் போய்க் கோபிப்பது?

அன்று மாலை நிகழ்ச்சிகளைப் பொறுப்பேற்று நடத்தும் அம்மையார் என்னிடம் வந்தார். “நீங்களே ஒரு நாள் பேசுங்களேன். காஞ்சிபுரம் பட்டு.” எங்கள் ஊரில் பட்டு இல்லை, கைலி என்றேன். கைலி என்பதை ஒரு பெண்ணின் பெயராக எடுத்துக்கொண்டு, அவர் இன்னும் நெய்கிறாரா என்று கேட்டார். சிரித்துவிட்டு விளக்கினேன். ஆண்கள் இடுப்பில் கட்டுவது, வீட்டில் உடுத்துவது, கட்டம் போட்டது என்று. அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். அது நியாயம்தான், நம் ஊரிலும் கைலியைப் பற்றி யார் உரை நிகழ்த்துகிறார்கள்?

அக்டோபரில் பேசினேன். விமர்சகனாக என் உரைக்கும் மதிப்பெண் போட வேண்டும் இல்லையா. சுமார். தென்னிந்தியக் கட்டத் துணிகள் மெட்ராஸ் என்ற பெயரில் கப்பலேறிய கதையைச் சொன்னேன். 1958-ல் அமெரிக்காவில் சாயம் இறங்கிக் கெட்டுப்போன மெட்ராஸ் சட்டைகளை, சாயம் இறங்குவதுதான் அதன் சிறப்பு என்று விளம்பரம் செய்தே விற்றுத் தள்ளியதைச் சொன்னபோது நல்ல சிரிப்பு. நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள் நம் கட்டத் துணியை வாங்கி, அதிலிருந்து சில இழைகளைப் பிளேடால் வெட்டி உருவி எடுத்து, அந்த இடைவெளிகளாலேயே புது வடிவம் உண்டாக்கும் துணியைப் படத்தில் காட்டினேன். பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். அங்கே அறை முன்னால் சாய்ந்தது. இழையைச் சேர்ப்பவர்கள் முன்னால், இழையை எடுத்து நெய்கிறவர்களைப் பற்றிப் பேசினால் சாயாமல் என்ன செய்யும்? ஆனால் கடைசிப் பத்து நிமிடம் வழுக்கிவிட்டேன். பாரம்பரியம் என்ற சொல்லை நான்கு முறை பயன்படுத்தினேன் என்று பதிவைக் கேட்டபோது தெரிந்தது. எந்தப் படத்தின் கீழும் பொருந்தும் சொல். பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அப்பா என்னைத் தறிக்குழிப் பக்கமே விடவில்லை, “இதைத் தொடாத, படி” என்பதுதான் எங்கள் பாரம்பரியம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு கைலிகள் கொண்டுபோயிருந்தேன், தாத்தா நெய்து பெட்டியில் கிடந்தவை. சுற்றுக்கு விட்டேன். நாற்பது பேரும் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதைப் பார்த்து மறுபடி திருப்பினார்கள். ஓரத்தைக் கட்டைவிரலால் வருடினார்கள். யாரோ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தாத்தாவின் துணியை எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சங்கத்தில் பிழை பிடிப்பவர் பார்த்திருப்பார். அது வேறு பார்வை.

பிறகு கைத்தடிப் பாட்டி கையைத் தூக்கினார்.

எனக்குத் தெரியவில்லை. உதவியாளரைக் கேட்கணும் என்று சொன்னவரைப் பார்த்து மனதுக்குள் சிரித்தவன் நான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பாட்டி ஜனவரியில் இறந்துபோனார். கில்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவர் சேர்த்து வைத்த நூலையும் கருவிகளையும் குடும்பத்தார் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். நீளமான மேசையில் பரப்பி வைப்பார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டு, விரும்பிய பணத்தை ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் போவார்கள். பேச்சு எதுவும் இருக்காது. ஆனால் அடுத்த பல மாதங்களுக்கு, காட்டிப் பேசும் நேரத்தில், “இந்த ஊடை அவங்களோட பச்சை” என்று யாராவது சொல்வார்கள். நான் பார்த்த விருந்தினர் உரைகள் எல்லாவற்றையும்விட அந்த மேசை என்னை அசைத்தது. எங்கள் வீட்டுத் தறி விறகு விலைக்குப் போனது. அச்சும் விழுதும் பரண்மேல் கொஞ்ச நாள் கிடந்து, வீடு இடித்தபோது போய்விட்டன.

அவருக்குச் சொல்ல முடிந்ததா என்றால், முடிந்தது. நவம்பர் கூட்டத்துக்கு முன்பே அத்தைக்குப் போன் செய்திருந்தேன்.

“அத்தை, தாத்தா நெய்த கைலிக்கு அங்குலத்துக்கு எத்தனை இழை?”

“அங்குலமெல்லாம் எனக்குத் தெரியாது. அறுவதாம் நம்பர் நூலு. அறுவத்துநாலு அச்சு.”

அச்சு எண்ணுவது எப்படி என்று பிறகு தேடிப் படித்தேன். இரண்டு அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதுதான் அச்சு நம்பர். ஒரு பல்லுக்கு இரண்டு இழை. ஆக அங்குலத்துக்கும் அதே அறுபத்துநாலு. அத்தை சொன்னதுதான் விடை.

“ஏன் கேக்கற?”

“இங்க ஒரு பாட்டி கேட்டாங்க.”

“வாங்கறதுக்கா?”

“இல்ல அத்தை. தெரிஞ்சுக்கறதுக்கு.”

“அவங்க நெய்யறவங்களா?”

“ஆமா.”

“அப்ப ஓரத்துல ரெட்டை இழைன்னு சொல்லிடு. அது அச்சுக் கணக்குல வராது. அங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க.”